ஒன்பது மணி அளவு

பதினாறு வருடமாக மழையை அளக்கிறேன்.
காலை ஒன்பதுக்குச் செம்புக் குடுவையைத் தூக்கி
கண்ணாடிக் குழலில் ஊற்றி
குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண் வைத்து
எண்ணை எழுதுவேன்.
எண்ணில் அடங்காத சிறு தூறலுக்கும்
எங்கள் ஏட்டில் ஒரு சொல் உண்டு: சுவடு.
பூஜ்யம் என்றும் எழுதக் கூடாது,
இவ்வளவு என்றும் எழுதக் கூடாது.

அளப்பவனே நனைந்துகொண்டு அளந்தான் என்றால்
சிரிப்பீர்கள். சிரியுங்கள்.
என் பழைய கோட்டு ஈஸ்டர் வாரத்தில்
ஹெதரிங்டன் பண்ணை முள்வேலிக்கு
முதுகைக் கொடுத்துவிட்டுச் செத்தது.

சனிக்கிழமை, கிர்க்பி ஸ்டீபன்,
நோரீன் தெர்ல்வெல் கடை.
முதலாவது நைலான். இலேசுதான்.
கையை அசைத்தால்
சிப்ஸ் பொட்டலம் பிரிக்கும் சத்தம்.
அணையோரம் நாரைகள் இருக்கின்றன என்றேன்.
பேசாமல் வாங்கி மாட்டிவிட்டாள்.

இரண்டாவது மெழுகுத் துணி, ஆனால்
இடுப்போடு நின்றுவிட்டது.
பையில் கைக்குட்டை நுழையும், கை நுழையாது.
நெஞ்சில் பளபளவென்று ஒரு முத்திரை.
லண்டனிலிருந்து மழை பார்க்க வருகிறவர்களுக்கு, என்றாள்.
காருக்குள் இருந்து.

மூன்றாவதை இறக்க
எங்கள் இருவரின் கையும் வேண்டியிருந்தது.
மெழுகில் ஊறிய பருத்தி. கறுப்புக்கு ஒரு படி முந்தைய பச்சை.
பிறந்த ஈரம் காயாத கன்றின் கனம்.
அணைந்த மெழுகுவத்தியும் டிராக்டர் கொட்டகையும் கலந்த வாடை.
பித்தளை ஜிப்,
ஜிப்பின் மேல் மடிப்பு, மடிப்பின் மேல் பொத்தான்:
மழையை மூன்று வாசலில் நிறுத்தி
விசாரிக்கும் ஏற்பாடு.

விலைச் சீட்டைப் பார்த்தேன்.
திருப்பியும் பார்த்தேன்,
அந்தப் பக்கம் குறைவாக இருக்குமோ என்று.

"போட்டுக்கொண்டு வெளியே போய் நில்."

கடை முகப்பில் கூரைநீர்க் குழாய் ஓரிடத்தில் உடைந்திருக்கிறது.
வேண்டுமென்றே சரிசெய்யாமல் வைத்திருக்கிறாள்
என்று ஊரில் பேச்சு.
அதன் கீழே, பத்து நிமிடம்.

நின்றேன்.
தபால்காரர் கஸ் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.
ஆட்டு லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
ஆடுகளும் பார்த்தன.
தோளில் விழுந்த நீர் முதலில் மணியாகத் திரண்டு
தயங்கியது.
பிறகு முடிவெடுத்து ஓடியது.
சத்தம் மட்டும் உள்ளே வந்தது.
அன்றைக்கு எழுத எண் எதுவும் இல்லை,
குனிய வேண்டியதில்லை.
பத்து நிமிடம் பதினேழாயிற்று.

உள்ளே வந்ததும் நோரீன்
குதிரை வாங்குகிறவளைப் போலக்
கோட்டுக்குள் கைவிட்டுத் தடவினாள்.
இடது அக்குள். தையலோரம்.
கட்டைவிரல் அகலம் ஈரம்.

"ஊசி போன வழியில் மழையும் போகும்.
மெழுகு டப்பா இருக்கிறது.
சுடுநீரில் வைத்து உருக்கு, பழைய சாக்ஸால் தேய்,
வருடத்துக்கு ஒரு முறை, தையலுக்கு இரு முறை.
இயந்திரத்தில் போட்டுத் துவைத்தாயானால்
இந்தத் தெருப் பக்கம் வராதே."

ஈரத்தைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்டேன்.
ஈரத்தைக் காட்டியதற்கும் சேர்த்துத்தான் விலை, என்றாள்.
டப்பாவுக்குத் தனிக் காசு.

ஞாயிறன்று தேய்த்தேன். சமையலறை முழுக்க அந்த வாடை.
பூனை வேறு வீட்டுக்குச் சாப்பிடப் போனது.

திங்கள் காலை
அணை மேட்டில் மழை மேலிருந்து வரவில்லை,
பக்கவாட்டில் வந்தது.
குழலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
எழுதினேன்.

குறிப்பு என்றொரு கட்டம் உண்டு.
உறைபனி, குடுவையில் நத்தை,
இப்படி ஏதாவது இருந்தால் எழுதுவேன்.
பொய் எழுதிப் பழக்கமில்லை.
பொத்தானை விலக்கி, மடிப்பை விலக்கி,
இடது அக்குளைத் தொட்டுப் பார்த்துவிட்டு
எழுதினேன்.

உள்ளே: சுவடு.